அமீலியா அம்மையாரின் குடைக்குப் பின்னால்: இருபது நாவல்களுக்குள் நுழையும் வழி

அமீலியா பீபாடி துப்பறியும் நாவல் வரிசையில் நான் முதலில் எடுத்தது பதினான்காவது புத்தகம். கைக்குக் கிடைத்தது அதுதான். நாற்பது பக்கம் போவதற்குள் பத்துப் பேர் வந்து தேநீர் குடித்துவிட்டார்கள். யார் யாருக்கு என்ன உறவு, ஒரு பெயரைச் சொன்னதும் எல்லோரும் ஏன் மௌனமாகிறார்கள், பூனைக்கு எதற்கு இவ்வளவு மரியாதை, ஒன்றும் பிடிபடவில்லை. மூடி வைத்துவிட்டேன். இரண்டு ஆண்டுகள் கழித்து முதல் புத்தகத்தைப் படித்தபோதுதான், கல்யாண வீட்டில் பந்தி முடிகிற நேரத்தில் போய் நின்றிருக்கிறேன் என்பது புரிந்தது. அந்தத் தவறை நீங்களும் செய்ய வேண்டாம் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

எலிசபெத் பீட்டர்ஸ் என்ற பெயரில் எழுதியவர் பார்பரா மெர்ட்ஸ் (1927–2013) என்ற அமெரிக்கப் பெண்மணி. தம் இரண்டு பிள்ளைகளின் பெயர்களைச் சேர்த்துப் புனைபெயர் வைத்துக்கொண்டவர். 1952இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் எகிப்தியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். அந்தப் படிப்பு இந்த நாவல்களின் ஒவ்வொரு பானை ஓட்டிலும் தெரியும். 1975 தொடங்கி 2017 வரை வெளிவந்த 20 நாவல்களிலும் நாயகி அமீலியா பீபாடி. விக்டோரியா காலத்து ஆங்கிலேயப் பெண், கையில் எப்போதும் ஒரு குடை. கணவர் ராட்கிளிஃப் எமர்சன் அகழாய்வாளர். எகிப்தியத் தொழிலாளர்கள் அவருக்கு வைத்த பெயர் 'சாபங்களின் தந்தை'. வாயைத் திறந்தால் வருவது அதுதான். கதைகள் 1884இல் தொடங்கி 1923இல் முடிகின்றன. தோண்டப் போகிற இடத்தில் எல்லாம் ஒரு பிணம் கிடைக்கிறது, அதுவும் புதிய பிணம்.

முதலில், எதை எதிர்பார்க்கக் கூடாது

கொலையாளி யார் என்ற புதிருக்காக மட்டும் வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்: பல புத்தகங்களில் புதிர் சுமார் ரகம். மூன்றாவது நாவலுக்குள் ஆசிரியரின் கைவழக்கம் பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகு குற்றவாளியைப் பாதியிலேயே ஊகிக்கலாம்.

இதில் ருசி வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, குடும்பம். துப்பறியும் தொடர்களில் நாயகனுக்கு வயதே ஆகாது. முப்பது ஆண்டுகள் கழித்தும் அதே கோட்டு, அதே புகைக்குழாய். இங்கே நரை விழுகிறது. மூன்றாவது புத்தகத்தில் ஏழு வயதுப் பையனாக, பெரிய மனிதர் பாணியில் நீளமாகப் பேசி எல்லோரையும் களைப்படையச் செய்யும் அமீலியாவின் மகன் ராம்சிஸ், பன்னிரண்டாவதில் முதல் உலகப் போருக்கு நடுவே நிற்கும் இளைஞன். நாம் வளர்த்த பிள்ளை மாதிரி ஆகிவிடுகிறான்.

இரண்டு, கதை சொல்லும் குரல். எல்லாம் அமீலியா அம்மையாரின் நாட்குறிப்புகள் என்பது பாவனை. அவற்றைக் கண்டெடுத்துப் பதிப்பித்ததாக ஒரு பதிப்பாசிரியர் வேறு முன்னுரை எழுதுவார். அதைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். ஆராய்ச்சி முன்னுரைகளை நையாண்டி செய்யும் நல்ல நகைச்சுவை அது. அமீலியா சொல்வதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. தாம் பொறுமைசாலி என்பார், அடுத்த வரியில் யாராவது திட்டு வாங்குவார். தம் யோசனையைக் கணவர் மனமார ஏற்றுக்கொண்டதாக எழுதுவார். எமர்சன் பேசியதைப் படித்தால் மனிதர் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார் என்பது தெரியும். அம்மையார் சொல்வதற்கும் நடந்ததற்கும் உள்ள அந்த இடைவெளியில்தான் சிரிப்பு இருக்கிறது. அது காதில் விழுந்துவிட்டால் வேகம் தானாக வரும்.

ஒரு மாலையில் செய்து பார்க்கும் சோதனை

முதல் புத்தகத்தின் பெயர் 'க்ரோக்கடைல் ஆன் த சாண்ட்பேங்க்', அதாவது மணல்திட்டில் முதலை. 1975இல் வந்தது. தந்தை விட்டுச்சென்ற பெரும் சொத்தோடு, 32 வயதில், கல்யாணம் என்ற பேச்சே வேண்டாம் என்று அமீலியா பயணம் கிளம்புகிறார். ரோமில் பழைய மன்றத்தின் இடிபாடுகளுக்கு நடுவே ஓர் இளம்பெண் மயங்கி விழுகிறாள். அவளையும் அழைத்துக்கொண்டு கெய்ரோ போகிறார்.

சோதனைக் காட்சி கெய்ரோவின் பூலாக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எகிப்தின் பழம்பொருள்கள் அப்போது உண்மையிலேயே அங்கேதான் இருந்தன. பொருள்கள் தூசு படிந்து குவிந்து கிடக்கின்றன. அம்மையாருக்குப் பொறுக்கவில்லை. ஒரு பானையைக் கையில் எடுத்துக் கைக்குட்டையால் துடைக்கிறார். பின்னாலிருந்து ஒரு கர்ஜனை. தாடிக்காரர் ஒருவர், தொடாதே என்று கத்துகிறார். அம்மையார் பயந்து பின்வாங்கவில்லை. இந்த இடத்தை இப்படியா வைத்திருப்பது என்று திருப்பிக் கத்துகிறார். தாடிக்காரரின் கோபமும் அதே விஷயத்தில்தான். ஒரே கட்சிக்காரர்கள் இருவர் ஒருவரையொருவர் கடித்துக் குதறும் அந்தச் சண்டையைப் படித்து உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை என்றால், மீதிப் பத்தொன்பது புத்தகங்களும் வேண்டாம். சிரித்துவிட்டால், இனி உங்கள் பணம் உங்கள் கையில் நிற்காது.

ஆங்கிலம் கொஞ்சம் சுற்றிவளைக்கும் பழைய பாணி. அது வேண்டுமென்றே செய்தது. வாக்கியம் நீண்டால் அகராதியைத் தேடாமல் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் அதில் ஒரு குத்தல் ஒளிந்திருக்கும். வாசிப்பு சிரமமாக இருந்தால் பார்பரா ரோசன்பிளாட் படித்த ஒலிப்புத்தகம் இருக்கிறது. எமர்சனின் உறுமலுக்காகவே அதைக் கேட்கலாம்.

எந்த வரிசையில் படிப்பது

வெளிவந்த வரிசையில் படிக்கலாம், கதை நடக்கும் காலவரிசையில் படிக்கலாம். இரண்டு கட்சிக்கும் வாசகர்கள் உண்டு. நான் இரண்டையும் கொஞ்சம் வளைத்துச் சொல்கிறேன்.

முதல் பதினைந்து புத்தகங்களுக்குச் சிக்கலே இல்லை, இரண்டு வரிசையும் ஒன்றுதான். பதினாறாவதாக 2004இல் வந்த 'கார்டியன் ஆஃப் த ஹொரைசன்' திடீரென்று 1907க்குத் திரும்பிப் போகிறது. பதினைந்தாவதில் 1919ஆம் ஆண்டின் ஆட்களோடு பழகியிருப்போம். சட்டென்று எல்லோருக்கும் பன்னிரண்டு வயது குறைந்தால் தலை சுற்றும். 2010இல் வந்த 'எ ரிவர் இன் த ஸ்கை' 1910இல் பாலஸ்தீனத்தில் நடக்கிறது. கடைசியாக வந்த 'த பெயின்டட் குவீன்' 1912இல் நடக்கிறது. மூன்றுமே பழைய இடைவெளிகளை நிரப்ப எழுதியவை. பின்னால் நடப்பது வாசகருக்குத் தெரியும் என்ற நினைப்பில் எழுதியவை என்பதால், காலவரிசைப்படி நடுவில் செருகினால் ஓட்டம் தடைப்படும்.

ஆகவே முதல் வாசிப்புக்கு: ஒன்று முதல் பதினைந்து வரை நேராகப் போங்கள். அங்கிருந்து பதினேழாவதான 'த சர்ப்பன்ட் ஆன் த க்ரௌன்', பதினெட்டாவதான 'டூம் ஆஃப் த கோல்டன் பேர்ட்' இரண்டுக்கும் தாவுங்கள். பின்னது 1922இல் துத்தன்காமன் கல்லறை திறக்கப்பட்ட பருவத்தில் நடக்கிறது. நாற்பது ஆண்டுக் கதைக்கு அதைவிடப் பொருத்தமான இறங்குதுறை இல்லை. விட்டுவைத்த மூன்றையும் அதற்குப் பிறகு எடுங்கள்.

சில இடங்களில் கவனம் வேண்டும். ஐந்தாவதான 'டீட்ஸ் ஆஃப் த டிஸ்டர்பர்' பெரும்பாலும் லண்டனில் நடக்கிறது. எகிப்து இல்லையே என்று பலர் அதைத் தாண்டிவிடுகிறார்கள். தாண்டாதீர்கள். அமீலியா வீட்டுக்கு வந்து தங்கும் உறவுக்காரப் பிள்ளைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் சொல்ல மாட்டேன். ஆறாவதான 'த லாஸ்ட் கேமல் டைட் அட் நூன்' சூடான் பாலைவனத்துக்குள் போகும் சாகசக் கதை. பழைய தொலைந்த நகரக் கதைகளுக்கு ஒரு வணக்கம் அது. துப்பறிதல் குறைவு. ஆனால் குடும்பத்தில் ஒரு முக்கியமான ஆள் சேர்வது அதில்தான். விட்டுவைத்த 'கார்டியன்' புரிய வேண்டுமானாலும் அது தேவை.

ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு புத்தகங்களும் ஒரே மூச்சு. ஒன்பதாவதிலிருந்து 'கையெழுத்துப்படி எச்' என்ற தலைப்பில் ராம்சிஸ் பக்கத்துக் கதையும் இடையிடையே வரத் தொடங்குகிறது. அம்மையாருக்குத் தெரியாதது அங்கே நமக்குத் தெரியவரும். பதினொன்றாவதான 'த ஃபால்கன் அட் த போர்ட்டல்' நம் வயிற்றில் கல்லைக் கட்டிவிட்டு முடியும். அதை முடிக்கிற இரவில் பன்னிரண்டாவதான 'ஹி ஷல் தண்டர் இன் த ஸ்கை' பக்கத்தில் இல்லாவிட்டால் தூக்கம் வராது. இரண்டையும் சேர்த்து வாங்குங்கள், அல்லது இரண்டும் கிடைக்கும்வரை பதினொன்றைத் தொடாதீர்கள்.

குடும்ப மரம் தேடி இணையத்தில் மேய வேண்டாம். யார் யாரை மணந்தார், யார் எந்த ஆண்டில் இறந்தார் எல்லாம் ஒரே படத்தில் இருக்கும். பின் அட்டைக் குறிப்பும் அப்படித்தான். ஆசிரியரே 2003இல் வெளியிட்ட 'அமீலியா பீபாடிஸ் ஈஜிப்ட்' என்ற துணைநூல் படங்களோடு அழகாக இருக்கும். அதையும் பன்னிரண்டு முடிந்த பிறகே திறக்க வேண்டும்.

தலைப்பின் கதையை முதலில் தேடுங்கள்

இது நான் தாமதமாகக் கண்டுகொண்ட சுகம். பல தலைப்புகள் பழைய எகிப்திய எழுத்துகளிலிருந்து எடுத்தவை. மூலத்தைப் பத்து நிமிடம் படித்துவிட்டு நாவலுக்குள் போனால் கதை வேறு மாதிரி ஒலிக்கும்.

மணல்திட்டு முதலை ஒரு காதல் பாட்டில் வருகிறது. காதலி அக்கரையில் இருக்கிறாள், நடுவே ஆறு, மணல்திட்டில் முதலை காத்துக்கிடக்கிறது. அவன் இறங்கிவிடுகிறான். முதலை கிடக்கும் துறையை இரவில் நீந்திவரும் தலைவனை எண்ணித் தோழி பதறும் நம் சங்கப் பாட்டை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. கல்யாணமே வேண்டாம் என்று கிளம்பிய பெண்ணின் கதைக்கு ஆசிரியர் இந்தப் பாட்டிலிருந்து பெயர் வைத்தாரே, அதுதான் குறும்பு.

ஏழாவதான 'த ஸ்நேக், த க்ரோக்கடைல் அண்ட் த டாக்' ஒரு நாட்டுக்கதை. பாம்பு, முதலை, நாய் மூன்றில் ஒன்றால்தான் சாவு என்று பிறந்தபோதே விதிக்கப்பட்ட இளவரசன். பாம்பிடமிருந்து தப்புகிறான், முதலையிடம் அகப்படுகிறான், அங்கே கதை எழுதிய பாப்பிரஸ் சுவடி கிழிந்திருக்கிறது. முடிவு இன்று யாருக்கும் தெரியாது. அம்மையார் அந்தக் கதையை மொழிபெயர்த்துக்கொண்டே போகும்போது அவர்கள் வாழ்க்கையிலும் அடுத்த பக்கம் கிழிந்த மாதிரி ஆகிறது.

எட்டாவதான 'த ஹிப்போபொட்டமஸ் பூல்' பின்னணி இன்னும் வேடிக்கை. வடக்கே ஆண்ட அந்நிய அரசன் தெற்கே தீப்ஸ் அரசன் செக்கெனென்ரேக்கு ஓலை அனுப்புகிறான்: உன் குளத்து நீர்யானைகள் போடும் சத்தத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை. நடுவே நூற்றுக்கணக்கான மைல் தூரம். வம்புக்கு இழுப்பது என்றால் இதுதான். அந்தக் கதைக்கும் முடிவு கிடைக்கவில்லை. ஆனால் செக்கெனென்ரேயின் மம்மி கிடைத்திருக்கிறது. மண்டையில் கோடரி வெட்டுகள். நாவல் தேடிப் போவது அவனுடைய தாய் தெத்திஷெரியின் கல்லறையை.

ஒன்பதாவது 'சீயிங் எ லார்ஜ் கேட்'. எகிப்தியக் கனவு நூலில் பெரிய பூனையைக் கனவில் காண்பது நல்லது, விளைச்சல் பெருகும். அவ்வளவுதான்.

பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியவை

நைல் நதியின் வரைபடம் ஒன்று போதும். கெய்ரோ, அதற்குத் தெற்கே தஹ்ஷூர், நடுவில் அமர்னா, இன்னும் தெற்கே போனால் லக்சர், எதிர்க்கரையில் அரசர்களின் பள்ளத்தாக்கு. நதி தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதால் மேல் எகிப்து வரைபடத்தில் கீழே இருக்கும். இதை மறந்தால் பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை திசை தப்பும்.

சொற்கள் சில: தஹபியா என்பது நதியில் போகும் வீட்டுப்படகு. ரெய்ஸ் என்பவர் அகழாய்வுத் தொழிலாளர்களின் தலைவர். எமர்சன் குழுவின் ரெய்ஸ் அப்துல்லா இந்தத் தொடரின் மிகக் கம்பீரமான மனிதர். ஃபிர்மான் என்றால் தோண்டுவதற்கான அரசு அனுமதி. சிட் ஹக்கீம் என்பது மருத்துவர் அம்மா, அமீலியாவுக்கு ஊர்மக்கள் வைத்த பெயர்.

பருவமும் முக்கியம். தோண்டுதல் குளிர்காலத்தில்தான், கோடை வெயிலில் முடியாது. ஆகவே பல புத்தகங்களின் அமைப்பு ஒன்றேதான்: இங்கிலாந்தில் கென்ட் வீடு, கப்பல், கெய்ரோவில் ஷெப்பர்ட்ஸ் ஹோட்டலின் முன்முற்றம், பிறகு தோண்டும் இடம். அந்த ஹோட்டல் நிஜம், 1952இல் எரிந்துபோனது. முதல் அறுபது பக்கம் மெதுவாகப் போனால் பயப்படாதீர்கள், மூட்டை கட்டுகிறார்கள் என்று அர்த்தம். எமர்சனின் சட்டை கிழிந்துவிட்டதா? கதை தொடங்கிவிட்டது. ஒவ்வொரு புத்தகத்திலும் ஒன்றாவது கிழியும், அம்மையார் கணக்கு வைத்திருப்பார்.

நிஜமும் கற்பனையும் சந்திக்கும் இடங்கள்

மாஸ்பெரோ, ஹோவர்ட் கார்ட்டர், தியோடர் டேவிஸ், பெட்ரி எல்லோரும் அந்தக் காலத்து எகிப்திய அகழாய்வு உலகின் உண்மை மனிதர்கள், உண்மைப் பெயரிலேயே வந்துபோகிறார்கள். அமீலியா என்ற பெயரே 1877இல் நைல் பயண நூல் வெளியிட்ட அமீலியா எட்வர்ட்ஸை நினைவூட்டுவது. எமர்சனிடம் ஃபிளிண்டர்ஸ் பெட்ரியின் சாயல் உண்டு. பொன்னைவிடப் பானை ஓடு முக்கியம் என்று நினைத்த தலைமுறையின் முன்னோடி பெட்ரி.

ஒரு காட்சியை மட்டும் நெருங்கிப் பாருங்கள். முதல் நாவலில் அமர்னா மணலுக்கடியில் வண்ணம் தீட்டிய அரண்மனைத் தளம் வெளிப்படுகிறது. காற்றுப் பட்டால் வண்ணம் உதிரும். அம்மையார் மண்டியிட்டு உட்கார்ந்து ஜவ்வரிசிக் கஞ்சியை மெல்லப் பூசுகிறார். இது கற்பனை என்றுதான் நினைத்தேன். 1891இல் அமர்னாவில் அப்படி ஒரு தளத்தைக் கண்டெடுத்த பெட்ரி, தூரிகை வைத்தால் வண்ணம் பெயர்ந்துவிடும் என்று ஜவ்வரிசிக் கரைசலை விரலாலேயே தடவியிருக்கிறார். காக்க முடிந்தது சில ஆண்டுகள்தான். பார்க்க வரும் பயணிகள் வயலை மிதிப்பதில் வெறுத்துப்போன உள்ளூர்க்காரர் ஒருவர் 1912இல் அதைக் கொத்திச் சிதைத்துவிட்டார். மிஞ்சிய துண்டுகள் கெய்ரோ அருங்காட்சியகத்துக்குப் போயின.

பத்தாவதான 'தி ஏப் ஹூ கார்ட்ஸ் த பேலன்ஸ்' இன்னொரு நிஜத்தைத் தொடுகிறது. 1907 ஜனவரியில் டேவிஸின் பணத்தில், அரசர்களின் பள்ளத்தாக்கில் இன்று 55 என்ற எண்ணால் அறியப்படும் கல்லறை திறக்கப்பட்டது. பொன் தகடு போர்த்திய பலகைகள், ஈரத்தில் உளுத்த மம்மி. அவசர அவசரமாகக் காலி செய்தார்கள். பதிவுகள் போதவில்லை. டேவிஸ் அதை ராணி தியேயின் கல்லறை என்று அறிவித்தார். எலும்புகளைப் பரிசோதித்த எலியட் ஸ்மித் இது ஆண் என்றார். யார் அந்த ஆண் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. நாவலில் எமர்சன் அந்தக் குழியின் ஓரத்தில் நின்று பல்லைக் கடிக்கும்போது, கற்பனைப் பாத்திரத்தின் வாயால் ஒரு எகிப்தியல் படித்தவரின் நூறு ஆண்டுக் கோபம் வெளிவருகிறது. இந்தப் பின்னணி மேலும் வேண்டுமானால், மெர்ட்ஸ் சொந்தப் பெயரில் 1964இல் எழுதிய 'டெம்பிள்ஸ், டூம்ஸ் அண்ட் ஹைரோக்ளிஃப்ஸ்' என்ற வரலாற்று நூலைப் படியுங்கள். நாவல்போல ஓடும்.

உறுத்தும் இடங்கள்

உறுத்தும். 1882 முதல் எகிப்து பிரிட்டனின் பிடியில் இருந்தது. நம் நாயகர்கள் அந்தப் பிடியின் நிழலில் சுகமாகத் தோண்டுகிறார்கள். கண்டெடுத்ததில் ஒரு பங்கு தோண்டியவருக்கு என்ற அன்றைய விதி அவர்களுக்கு இயல்பாகப்படுகிறது. தொடக்கப் புத்தகங்களில் ஊர்மக்களைப் பற்றி அம்மையார் உதிர்க்கும் சில வார்த்தைகளை ஆசிரியர் கிண்டலாகத்தான் வைத்திருக்கிறார். எல்லா இடத்திலும் அந்தக் கிண்டல் வேலை செய்யவில்லை என்பது என் கருத்து. அப்துல்லாவின் குடும்பம் கதைக்குள் ஆழமாக வரவர இந்தப் பார்வை மாறுகிறது. பத்தாவதில் ஒரு திருமணப் பேச்சு எழும்போது, தம்மை முற்போக்காளர் என்று நம்பிய அம்மையார் தம் மனத்துக்குள்ளேயே முள்ளைக் கண்டு திடுக்கிடுகிறார். போர்க்காலப் புத்தகங்களில் எகிப்தியத் தேசியவாதிகளுக்கும் குரல் கிடைக்கிறது. முதல் மூன்றில் முகம் சுளித்து நிறுத்தியவர்களுக்கு இந்த மாற்றம் தெரியாமலே போய்விடும்.

கடைசிப் புத்தகம்

'த பெயின்டட் குவீன்' மெர்ட்ஸ் இறந்தபோது முடிவுபெறாமல் இருந்தது. தோழியும் துப்பறியும் நாவலாசிரியருமான ஜோன் ஹெஸ் அதை முடித்தார். 2017இல் வெளிவந்தது. 1912 டிசம்பரில் அமர்னாவில் ஜெர்மானியர்கள் கண்டெடுத்த ராணி நெஃபெர்டிட்டியின் சிலை கதையின் மையம். குரலில் வித்தியாசம் தெரியும். அம்மையாரின் குத்தல்கள் கொஞ்சம் உரக்க விழுகின்றன. முதலில் கையில் எடுக்கவே கூடாத புத்தகம் இது. மற்ற பத்தொன்பதையும் முடித்தவர்கள் குறைகளோடு சேர்த்தே படித்துவிடுவார்கள்.

காலவரிசைப் பட்டியலை இரண்டாம் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 'கார்டியன்' பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவே போகும், 'ரிவர்' அதற்கு அடுத்து, 'குவீன்' பதினொன்றுக்குப் பின்.